பழைய ‘பவர்ஃபுல்’ டீசல் கார் வாங்கலாமா? முதன்முறையாக வாங்குவோருக்குப் படிப்படியாக

ஸ்கோடா சூப்பர்ப் 2.0 டிடிஐ டீசல் ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? நாலாவது கியரில் 1,800 ஆர்பிஎம் தாண்டும்போது முதுகு சீட்டோடு ஒட்டும். பவர் 177 பிஎஸ் (குதிரைத்திறன்), டார்க் (முறுக்குவிசை) 350 என்எம். நம் ஊரில் தெருவுக்கு நாலு நிற்கும் பெட்ரோல் ஸ்விஃப்டின் டார்க் 113 என்எம்தான். இந்த வித்தியாசத்தை ஒரு தடவை காலால் உணர்ந்துவிட்டவர்கள் அன்று இரவே செகண்ட் ஹேண்ட் விளம்பரங்களைப் புரட்ட ஆரம்பித்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

புரட்டினால் ஆச்சரியமாக இருக்கும். ஒரு காலத்தில் 30, 40 லட்சத்துக்கு விற்ற கார், இன்றைக்குப் புதுச் சின்ன ஹேட்ச்பேக் விலையில் கிடைக்கிறது. விலை விழுந்திருப்பது காருக்குத்தான், உதிரிபாகங்களுக்கு இல்லை. எட்டு லட்சத்துக்கு வாங்கிய பிஎம்டபிள்யூ 320டி-யில் டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) போனால், மாற்றப்போவது 40 லட்ச ரூபாய்க் காரின் டர்போவைத்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

படி 1: காரைப் பார்ப்பதற்கு முன் உங்கள் ஓட்டத்தைப் பாருங்கள்

தினமும் எவ்வளவு தூரம், எந்த மாதிரி சாலையில் ஓட்டுகிறீர்கள்? ஒரு தாளில் எழுதுங்கள். எரிபொருள் கணக்கு இதிலிருந்துதான் தொடங்கும்.

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், டீசல் 92 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால், 12 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காருக்குச் சுமார் 8,300 ரூபாய். 17 தரும் டீசலுக்கு 5,400. மாதம் 2,900 மிச்சம், வருடத்துக்கு 35,000. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாதம் 500 கிலோமீட்டர்தான் என்றால் வருடத்துக்கு 17,500-தான் மிஞ்சும். ஒரு கிளட்ச் வேலை அதை விழுங்கிவிடும். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்குவதற்கு முன், இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருந்த காலத்துக் கணக்கை இன்னும் தலையில் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். ‘டீசல்னா மிச்சம்பா’ என்று சொல்லும் மாமாக்களை நம்ப வேண்டாம்.

பணத்தைவிட முக்கியம் ஓட்டத்தின் தன்மை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகை விதி) டீசல் கார்களிலும், அதற்கு முந்தைய சில சொகுசு கார்களிலும் டிபிஎஃப் என்ற புகைக்கரி வடிகட்டி உண்டு. கரி சேர்ந்ததும், அதைச் சுமார் 600 டிகிரி வெப்பத்தில் எரித்து இன்ஜின் தானே சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு நிற்காத ஓட்டம் கொஞ்ச நேரம் வேண்டும். வீட்டிலிருந்து ஆபீஸுக்கு நாலு கிலோமீட்டர், வழியில் ஆறு சிக்னல் என்றால் சுத்தம் பாதியிலேயே நின்றுவிடும். வடிகட்டி அடைக்கும், எரியாத டீசல் இன்ஜின் ஆயிலில் கலக்கும். அப்படிப்பட்ட ஓட்டம் உங்களுடையது என்றால் இந்தப் பதிவை இங்கேயே மூடிவிட்டு ஒரு பெட்ரோல் கார் தேடுங்கள். வருத்தம் வேண்டாம், பணம் தப்பித்தது.

வாரம் ஒரு முறையாவது கோவை–சேலம், மதுரை–திருச்சி மாதிரி நெடுஞ்சாலை ஓட்டம் இருக்கிறதா? சரி, வாருங்கள்.

படி 2: எந்தக் கார் என்று முடிவு செய்யுங்கள்

கையைக் கடிக்காத பக்கத்தில் இருந்து ஆரம்பிக்கலாம். ஹூண்டாய் வெர்னா 1.6 சிஆர்டிஐ டீசல்: 128 பிஎஸ், 260 என்எம். பாகங்கள் எல்லா ஊரிலும் கிடைக்கும், தெருமுனை மெக்கானிக்கும் கை வைப்பார். ஃபோர்டு ஃபிகோ 1.5 டீசல் 100 பிஎஸ். எடை குறைவு என்பதால் எண்ணுக்கு மேல் விறுவிறுப்பு. ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிடிஐ 250 என்எம், சின்ன உடம்பில் பெரிய இதயம்.

அடுத்த வரிசையில் ஸ்கோடாவின் ஆக்டேவியா 2.0 டிடிஐ, சூப்பர்ப் 2.0 டிடிஐ. எனக்கு மிகவும் பிடித்த வரிசை இது. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா, ஆடி மூன்றும் பிஎஸ்-6 வந்ததோடு இந்தியாவில் டீசலைக் கைவிட்டுவிட்டன. அதனால் நல்லதாகப் பராமரித்த வண்டிக்கு இன்னும் ஆள் காத்திருக்கிறது. இவற்றில் வரும் ஆறு கியர் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) ஆயிலில் நனையும் கிளட்ச் கொண்டது. ஃபோக்ஸ்வேகன் வென்டோ டீசலில் வரும் ஏழு கியர் டிஎஸ்ஜி உலர் கிளட்ச்; நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும் வாழ்க்கை அதற்கு ஒத்துவராது. விளம்பரத்தில் ‘டிஎஸ்ஜி’ என்று மட்டும் இருந்தால், எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அதற்கும் மேலே ஜெர்மன் சொகுசு. பிஎம்டபிள்யூ 320டி ஓட்டுவதற்கு அருமை, மறுக்கவில்லை. ஆனால் 2016 இன்ஜின் மாற்றத்துக்கு முந்தைய வண்டிகளில் இருக்கும் என்47 இன்ஜினின் டைமிங் செயின் தேய்வதில் பேர் போனது. அந்தச் செயின் இருப்பதோ இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி. செயின் விலை பெரிதில்லை, அங்கே போய்ச் சேரும் கூலிதான் பெரிது. இதே நிறுவனத்தின் டீசல் கார்கள் 2018-இல் தென்கொரியாவில் அடுத்தடுத்துத் தீப்பிடித்ததும், இஜிஆர் கூலர் (இன்ஜினுக்கே திரும்பும் புகையைக் குளிர்விக்கும் பாகம்) கசிவுதான் காரணம் என்று உலகெங்கும் திரும்ப அழைக்கப்பட்டதும் நினைவிருக்கலாம். நீங்கள் பார்க்கும் காருக்கு அப்படி ரீகால் ஏதும் பாக்கி இருக்கிறதா என்று சேஸிஸ் எண்ணைச் சொல்லி அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். புகைச் சோதனையை ஏமாற்றும் சாஃப்ட்வேர் வைத்து ஃபோக்ஸ்வேகன் மாட்டிக்கொண்ட 2015 உமிழ்வு மோசடிக்குப் பிறகு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஃபோக்ஸ்வேகன் குழுமக் கார்கள் இந்தியாவில் சாஃப்ட்வேர் மாற்ற அழைக்கப்பட்டன. அந்தக் கால டிடிஐ என்றால் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

காரை முடிவு செய்ததும், பாகம் விற்கும் கடைக்குப் போன் போடுங்கள். டர்போ, ஒரு இன்ஜெக்டர் (டீசலைப் பீய்ச்சும் பாகம்), கிளட்ச் செட், டூயல் மாஸ் ஃப்ளைவீல் (இன்ஜின் அதிர்வை அடக்கும் சக்கரம்) ஆகிய நாலுக்கும் விலை கேட்டு எழுதி வையுங்கள். அந்தத் தாளைப் பேரத்துக்குப் போகும்போது சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும்.

படி 3: குளிர்ந்த இன்ஜின்

இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். டீசல் இன்ஜின் சூடாக இருந்தால் தன் நோயை மறைத்துவிடும். அதனால் காலையில் முதல் ஸ்டார்ட் உங்கள் முன்னால் நடக்க வேண்டும். ‘நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க’ என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.

பொள்ளாச்சி பக்கம் ஒரு ஆக்டேவியா பார்க்கப் போனேன். காலை ஏழு மணி. இறங்கியதும் பானட் மேல் கை வைத்தால் தோசைக்கல் மாதிரி சூடு. ‘இப்பத்தான் பாப்பாவை ஸ்கூல்ல விட்டுட்டு வந்தேன் சார்’ என்றார் ஓனர். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. காபி கொடுத்தார், குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

பானட் குளிர்ந்திருந்தால், ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் கறுப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம், டீசலில் மாற்றிய கொஞ்ச நாளிலேயே கறுத்துவிடும். அளவைத்தான் கவனிக்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டி நின்று, முகர்ந்தால் டீசல் வாடை அடித்தால், டிபிஎஃப் சுத்தம் பாதியில் நின்று நின்று டீசல் ஆயிலில் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் கூலன்ட் தொட்டியில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று ஒரு பார்வை.

அடுத்து சைலன்சர் குழாய். ஒரு பழைய கைக்குட்டையை விரலில் சுற்றி உள்பக்கம் தேயுங்கள். டிபிஎஃப் உள்ள காரில் துணி கிட்டத்தட்ட சுத்தமாக வர வேண்டும். அடுப்புக்கரி மாதிரி அப்பிக்கொண்டு வந்தால் வடிகட்டி உடைந்திருக்கிறது, அல்லது யாரோ அதைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். டிபிஎஃப் இல்லாத பழைய பிஎஸ்-4 கார் என்றால் கரி இருப்பது சகஜம்.

இப்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு நீங்கள் காருக்குப் பின்னால் நில்லுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. டர்போ சீலோ, பிஸ்டன் ரிங்கோ. கறுப்புப் புகை திரும்பத் திரும்ப வந்தால் காற்று போதவில்லை, இல்லை இன்ஜெக்டர் அதிகம் கக்குகிறது. வெள்ளைப் புகை ஒரு நிமிடத்தில் நின்றுவிட்டால் பரவாயில்லை. சூடான பிறகும் நிற்காமல் வந்தால் இன்ஜெக்டரையோ ஹெட் கேஸ்கெட்டையோ சந்தேகப்படுங்கள். நம் ஊர் வெயிலில் குளோ பிளக் (குளிரில் ஸ்டார்ட் ஆக இன்ஜினைச் சூடேற்றும் பாகம்) செத்திருந்தாலும் வண்டி சமர்த்தாக ஸ்டார்ட் ஆகிவிடும். ஊட்டியில் ஒரு டிசம்பர் காலையில்தான் அது தெரியவரும். அதனால் படி 5-இல் ஸ்கேன் பண்ணும்போது அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஐடிலில் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியை மெல்லத் திறந்து பாருங்கள். லேசான ஆவி இருக்கலாம். மூடி துள்ளினாலோ, ரயில் இன்ஜின் மாதிரி குபுகுபு என்று புகை வந்தாலோ, உள்ளே தேய்மானம் முற்றிவிட்டது. நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

படி 4: ஓட்டிப் பாருங்கள்

இன்ஜின் சூடாகும்வரை மெதுவாக ஓட்டுங்கள். பிறகு காலி சாலையில், நாலாவது கியரில் 1,500 ஆர்பிஎம்-மில் இருந்து ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்துங்கள். 1,800 வாக்கில் டர்போ எழுந்து, தடங்கல் இல்லாமல் இழுக்க வேண்டும். ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. திடீரென்று மூச்சு நின்ற மாதிரி பவர் போய், ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிறதா? அது லிம்ப் மோடு, கோளாறு கண்டதும் இன்ஜின் தானே பவரைக் குறைத்துக்கொள்வது. பெரும்பாலும் டர்போவின் வேன்களில் (உள்ளே திரும்பும் சிறு தகடுகள்) கரி பிடித்திருக்கும், அல்லது எங்கோ ஹோஸ் பிளந்திருக்கும். மெல்லிய விசில் சத்தம் டர்போவுக்கு இயல்பு. ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி ஊளையிட்டால் இயல்பில்லை.

மேனுவல் கார் என்றால் நிறுத்திவைத்து, நியூட்ரலில், கிளட்சில் இருந்து காலை எடுத்துக் கேளுங்கள். அப்போது கடகட என்று கேட்டு, கிளட்ச் மிதித்ததும் அடங்கினால் டூயல் மாஸ் ஃப்ளைவீலோ கியர்பாக்ஸ் பேரிங்கோ தேய்ந்திருக்கலாம். ஆஃப் செய்யும்போது வண்டியே ஒரு குலுங்கு குலுங்கி அடங்கினால் சந்தேகம் உறுதியாகும். டிஎஸ்ஜி என்றால் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும் இடத்தில் நடுக்கம் இருக்கிறதா பாருங்கள். ஆறு கியர் பெட்டிக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்றியிருக்க வேண்டும். ‘அது லைஃப்டைம் ஆயில் சார்’ என்று சொன்னால், மாற்றவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ‘ஸ்டேஜ் 1 ரீமேப் பண்ணிருக்கு, சும்மா பறக்கும்’ என்று பெருமையாகச் சொல்வார்கள். பவரைக் கூட்ட இன்ஜின் சாஃப்ட்வேரை மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பறக்கும், உண்மைதான். கிளட்சும் கியர்பாக்ஸும் தாங்குவதற்கென்று செய்யப்படாத டார்க்கை எத்தனை வருடம் தாங்கின என்பதை அவர் சொல்ல மாட்டார். ரீமேப் வண்டிக்கு நான் கூடுதல் விலை தரமாட்டேன், குறைத்துத்தான் கேட்பேன்.

படி 5: ஸ்கேன், மீட்டர், காகிதம்

ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா, ஆடி என்றால் விசிடிஎஸ் என்ற ஸ்கேன் சாஃப்ட்வேர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிப்போங்கள். மீட்டரைக் குறைத்தவர் டேஷ்போர்டை மட்டும்தான் பெரும்பாலும் குறைத்திருப்பார். எப்போதோ பதிவான ஒரு ஃபால்ட் கோடு (கோளாறுக் குறியீடு), தான் பதிவானபோது வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது என்பதையும் சேர்த்து வைத்திருக்கும். மீட்டர் 78,000 காட்டும்போது, 1,40,000-இல் பதிவான கோடு ஒன்று உள்ளே இருந்தால் வேறு சாட்சி வேண்டாம். எல்லாக் கோடுகளும் புத்தம் புதிதாக அழிக்கப்பட்டிருந்தாலும் கேள்வி கேளுங்கள்.

காகிதத்தில் டெல்லி வண்டிகளுக்குத் தனிக் கவனம் தேவை. டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் தடை போட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025-இல் அந்தப் பிடி கொஞ்சம் தளர்ந்தாலும், அதற்குள் ஏராளமான வண்டிகள் தெற்கே வந்துவிட்டன. குறைந்த விலை, நல்ல மாடல், ஆசையாகத்தான் இருக்கும். அங்கிருந்து படிவம் 28 வழியாக என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கியிருக்கிறார்களா, இங்கே மறுபதிவு முடிந்து ஆயுள் வரி கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ‘என்ஓசி வந்துட்டே இருக்கு’ என்றால் வந்த பிறகு பணம் கொடுங்கள். வெளிமாநிலப் பதிவில் 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டினால் மறுபதிவு கட்டாயம்.

உள்ளூர் வண்டிக்குப் பெயர் மாற்றப் படிவம் 29, 30. கடன் இருந்து முடிந்திருந்தால் படிவம் 35. அரசின் பரிவாகன் தளத்தில் பாக்கி சலான்களையும் ஆர்சி எத்தனை வருடம் செல்லும் என்பதையும் பார்த்துவிடுங்கள். பதினைந்து வருடம் நெருங்கிய வண்டிக்குப் புதுப்பிப்புச் செலவும் பசுமை வரியும் உங்கள் தலையில்தான்.

படி 6: பேரமும் முதல் வாரமும்

சட்டைப்பையில் இருக்கும் தாளை இப்போது எடுங்கள். நீங்கள் கண்டுபிடித்த குறைகளின் விலையைக் கூட்டி, கேட்கும் தொகையிலிருந்து கழித்துச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சைவிட எழுதிய எண்ணுக்கு மரியாதை அதிகம். பழுதுச் செலவுக்கென்று கார் விலையில் ஐந்தில் ஒரு பங்கு பணம் கையில் தனியாக இல்லை என்றால், ஒரு படி சின்னக் காருக்கு இறங்கிவிடுங்கள். சூப்பர்ப் வாங்கி ஷெட்டில் நிறுத்துவதைவிட வெர்னாவை ஓட்டிக்கொண்டிருப்பது சந்தோஷம்.

வாங்கிவிட்டீர்களா? முதல் வாரத்திலேயே இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டிஎஸ்ஜி இருந்தால் அதன் ஆயில் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். ஆயில் கேனில் மேனுவல் சொல்லும் தரக்குறி இருக்க வேண்டும். டிபிஎஃப் உள்ள காரில் சாம்பல் குறைவான ஆயில்தான் ஊற்ற வேண்டும், கடைக்காரர் நீட்டும் ஏதோ ஒன்றை அல்ல. டைமிங் பெல்ட் மாற்றியதற்குப் பில் இல்லை என்றால் வாட்டர் பம்போடு சேர்த்து மாற்றுங்கள். பில் இல்லாத பெல்ட்டை நான் பழைய பெல்ட்டாகத்தான் எண்ணுவேன். என் ஆக்டேவியாவில் அப்படிக் கழற்றிய பெல்ட்டின் ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது.