ஊர் திரும்புகிறவரைப் படமெடுக்க நிதி திரட்டுகிறீர்களா?

முப்பது வருடம் தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்தவர் இலங்கைக்கே திரும்புகிறார், கூடவே ஆவணப்படம் எடுக்க ஒரு கேமராவும் போகிறது. கேட்டவுடன் பணம் கொடுக்கத் தோன்றும் கதைதான். அதனால்தான் அவசரப்பட்டு, இணையத்தில் பலரிடம் பணம் திரட்டும் கிரவுட் ஃபண்டிங் பக்கத்தைத் திறந்துவிடுகிறார்கள்.

முதல் தவறு, அவர் கிளம்பும் முன்பே அவருடைய முகம், ஊர், பயணத் தேதி எல்லாவற்றையும் டிரெய்லரில் போட்டுவிடுவது. 1990ல் படகேறி வந்தவர் கையில் பாஸ்போர்ட்டா வைத்திருந்தார்? அப்படி வெளியேறியது இலங்கைச் சட்டப்படி குற்றம். 2025 மே மாதம், ஐ.நா. அகதிகள் அமைப்பின் உதவியோடு திரும்பிய முதியவர் ஒருவரை இந்தக் காரணத்துக்காகவே யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். அவர் போய் இறங்கி, அடையாள அட்டை கைக்கு வரும்வரை டிரெய்லரில் அவருடைய குரலும் கைகளும் மட்டும் போதும். முகாமில் வாங்கிய சம்மதத்தை ஊரில் வைத்து இன்னொரு முறை கேளுங்கள். இங்கே சரி என்றவர் அங்கே வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் விட்டுவிட வேண்டியதுதான்.

அடுத்தது, நடக்காத காட்சியை விற்பது. “சொந்த வீட்டு வாசலில் அவர் கால் வைக்கும் தருணம்” என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில் 1990ல் வெளியேறியவர்களின் காணிகளை ராணுவம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுவித்தது. சிலருக்கு இன்றைக்கும் முள்கம்பி வேலிதான் வாசல். வேலி இல்லாவிட்டாலும், கூரை போய், சுவரைப் பிளந்துகொண்டு ஆலமரம் நிற்கும். அவர் அழாமல், கிணறு தூர்ந்துவிட்டதா என்று மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். வாக்குக் கொடுத்துவிட்டால் அழச் சொல்லிக் கேட்கிற நிலைமைக்கு நீங்கள் வந்துவிடுவீர்கள்.

பணம் வரும் வழியில் பலரும் கோட்டை விடுகிறார்கள். கிக்ஸ்டார்ட்டர் என்ற கிரவுட் ஃபண்டிங் தளத்தில் இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ திட்டம் தொடங்க முடியாது. வெளிநாட்டு நண்பர் பெயரில் தொடங்கினால், இலக்கை எட்டாவிட்டால் ஒரு பைசா வராது. எட்டினாலும் கட்டணமாக 8 முதல் 10 சதவீதம் போய்விடும். அப்புறம் எஃப்.சி.ஆர்.ஏ., அதாவது வெளிநாட்டு நன்கொடைகளைக் கட்டுப்படுத்தும் இந்தியச் சட்டம். டொராண்டோ சித்தப்பா அனுப்புவது நம்ம ஆள் பணம்தானே என்று நினைக்காதீர்கள். அவர் கனடா குடிமகனாகிவிட்டால், இந்தியாவில் இருக்கும் உங்களுக்கு அவர் தரும் நன்கொடை வெளிநாட்டுப் பங்களிப்பு. இந்தியப் பாஸ்போர்ட்டோடு அங்கே வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து தந்தால் அப்படி இல்லை. பக்கம் திறக்கும் முன் ஆடிட்டரைப் பாருங்கள்.

டி-ஷர்ட், போஸ்டர் பரிசெல்லாம் வேண்டாம். தபால் செலவே தின்றுவிடும்.

எங்கள் படத்துக்கு நிதி திரட்டியபோது நாங்கள் செய்த தவறு ஒன்று. பணம் எதற்கு என்று பக்கத்தில் தெளிவாக எழுதவில்லை. படப்பிடிப்புக்கு மன்னார் போனபோது, எங்கள் பெரியவரைக் குழாயடியில் நிறுத்தி ஒருவர் கேட்டார்: “உங்கட பேரில வெளிநாட்டில காசு சேர்த்தவையாம், எவ்வளவு வந்தது ஐயா?” அவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். ‘இந்தப் பணம் படச் செலவுக்கு, அவருக்கு வீடு கட்ட அல்ல’ என்ற வரியை அன்று ராத்திரிதான் பக்கத்தின் உச்சியில் சேர்த்தோம். இரண்டு பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். கொடுத்துவிட்டோம்.