அடிமை வைத்திருந்த மூதாதையைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாசியில் கனடாவிலிருந்து வந்த ஒரு தம்பி, திருகோணமலை உட்துறைமுகப் பக்கத்துத் தேநீர்க்கடையில் மடிக்கணினியைத் திறந்து காட்டினார். அவருடைய கொப்பாட்டன் தம்பலகாமத்தில் வயல் வைத்திருந்த பெரிய மனிதர். அடிமைகளும் வைத்திருந்தாராம். வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. தம்பி இரண்டு வருடமாகத் தேடுகிறார். அவர் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஒவ்வொரு தவறும் நான் செய்தது. வரிசைகூட மாறவில்லை.

பக்க எண் குறிக்காமல் படம் எடுப்பது, எந்த ஆவணக் கட்டில் பார்த்தோம் என்று எழுதி வைக்காமல் வருவது போன்றவற்றை நான் இங்கே சொல்லப் போவதில்லை. ஒரு தடவை பட்டால் அது தானாகத் திருந்தும்.

இழப்பீட்டுப் பட்டியலில் தேடுவது

எல்லாரும் முதலில் போய் விழும் குழி இது. பிரித்தானிய நாடாளுமன்றம் 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்து, உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுண் இழப்பீடு ஒதுக்கியது. யார் எவ்வளவு வாங்கினார் என்பதை இன்று இணையத்திலேயே பார்க்கலாம். தம்பி கொப்பாட்டனின் பெயரை ஆங்கிலத்தில் பத்துப் பதினைந்து விதமாக எழுதித் தேடியிருக்கிறார்.

கிடைக்காது. இலங்கை, செயின்ட் ஹெலினா, கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சிப் பகுதிகள் மூன்றையும் அந்தச் சட்டம் வெளியே விட்டுவிட்டது. இங்கே அடிமை முறை சட்டப்படி முடிந்தது 1844இன் 20ஆம் கட்டளைச் சட்டத்தோடுதான்.

ஆனால் அந்த இழப்பீட்டுத் தாள்கள் இருக்கும் அதே இடத்தில், லண்டன் கியூ சுவடிக்கூடத்தின் டி 71 (T 71) என்ற தொகுதியில், 1818 முதல் 1832 வரையான இலங்கை அடிமைப் பதிவேடுகளும் இருக்கின்றன. இழப்பீட்டுப் பட்டியலில் பெயர் இல்லை என்றதும் மடிக்கணினியை மூடிவிடுகிறவர்கள் பக்கத்து அலுமாரியைத் திறப்பதில்லை.

ஆணின் பெயரில் மட்டும் தேடுவது

இதைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும்.

என் பூட்டனின் பாட்டன் ஓர் உடையார், அதாவது அரசு நியமித்த ஊர்த் தலைமைக்காரர். அவர் பெயரைப் பிடித்துக்கொண்டு மூன்று வருடம் அலைந்தேன். இரவு ரயிலில் கொழும்புக்குப் போவேன். விடியற்காலையில் கோட்டையில் இறங்கி, முகம் கழுவி, தேசியச் சுவடிக்கூடம் திறக்கும்வரை வெளியே நிற்பேன். அன்றிரவே திரும்பிவிடுவேன். உடையாரின் வயல் கிடைத்தது, வரி கிடைத்தது, யாரோடோ ஒரு வாய்க்கால் சண்டை பிடித்ததும் கிடைத்தது. அடிமை என்று ஒருவர்கூட அவர் பெயரில் இல்லை. 'ஊர் சும்மா கட்டிவிட்ட கதை' என்று எனக்கு நானே சொல்லி ஆறுதல்பட்டுக்கொண்டேன். இன்னும் வெட்கமாக இருக்கிறது.

நம்முடைய ஆட்களிடம் சொத்து எந்த வழியாக நடந்தது? சீதனத்தில். யாழ்ப்பாணத்துக்காக ஒல்லாந்தர் 1707இல் எழுதி வைத்த தேசவழமை என்ற வழக்கச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். காணி, நகை, மாடு இவற்றோடு அடிமைகளையும் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்தது அதில் வெளிப்படையாக இருக்கிறது. திருகோணமலையில் யாழ்ப்பாணத்தோடு கொள்வினை கொடுப்பினை இருந்த குடும்பங்களிலும் பழக்கம் பெரிதாக வேறுபடவில்லை. அப்படியென்றால் அடிமையை ஏவி வேலை வாங்கியவர் உடையார், எழுத்தில் உடைமைக்காரி அவர் மனைவி. அந்த மனைவியின் பெயர்கூட எனக்குத் தெரியாது. கேட்டதே இல்லை.

பெண்ணின் வீடு மகளுக்குப் போகும், மகளின் வீடு அவள் மகளுக்குப் போகும். உறுதிகளும் ஓலைகளும் வீட்டோடு போகும். அந்த வழியில் இப்போது இருப்பவர், முறைக்கு எனக்கு மாமி. எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம். மூன்று வருடமாகக் கொழும்புக்கு ரயில் ஏறிய நான் அந்தப் படலையைத் திறக்கவில்லை.

கடைசியில் ஒரு செத்தவீட்டில் பேச்சுவாக்கில் சொன்னேன். மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஓலையோ? றங்குப்பெட்டி நிறையக் கிடந்தது தம்பி. கறையான் பிடிச்சிட்டுது. போன வருசம் பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கேக்க அடுப்புக்குள்ள வச்சிட்டன். நீ தேடுறாய் எண்டு ஆர் கண்டது?"

போன வருடம். நான் கொழும்பில் வாய்க்கால் சண்டை படித்துக்கொண்டிருந்த அதே வருடம்.

தப்பியது இரண்டே ஓலை. பிள்ளைகளின் சாதகக் கட்டோடு கலந்துபோனதால் அவை அடுப்புக்குப் போகவில்லை. மஞ்சள் பூசி எழுத்தைத் தெளிய வைத்து, எழுத்து எழுத்தாகப் படித்தோம். சீதன ஓலை. காதுத் தோடு ஒரு சோடி, வெண்கலப் பானை, வயல், அதற்கடுத்து ஒரு பெண்ணும் அவள் மகளும், அப்புறம் கன்றோடு பால் மாடு. பானைக்கும் மாட்டுக்கும் நடுவில் அந்தத் தாய்க்குப் பெயர் இருந்தது. மகளுக்கு இல்லை.

ஆகவே முதலில் மனைவி, மாமியார், கொழுந்தி எல்லாரையும் எழுதுங்கள். பெண்வழி வீடு இப்போது யார் கையில் என்று கேளுங்கள். ரயில் அதற்குப் பிறகு.

தமிழ் வருடத்தை அவசரமாக மாற்றுவது

ஓலையில் 'தாது வருடம்' என்று இருந்தது. உடனே 1876 என்று எழுதினேன், தாது வருடப் பஞ்சம் மனதில் இருந்ததால். அறுபது வருடத்துக்கு ஒரு தடவை தாது திரும்பி வரும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். 1756உம் தாது, 1816உம் தாது. 1876இல் சீதனமாகக் கொடுக்க அடிமையே கிடையாது. ஒல்லாந்தர் காலத்து 1756ஆ, ஆங்கிலேயர் காலத்து 1816ஆ என்பதைச் சாட்சி வைத்தவர்களின் பெயரைக் கொண்டுதான் பிரிக்க முடிந்தது. எங்களுடையது 1816.

அந்த வருடம் சும்மா வருடமில்லை. 1816 ஆகஸ்ட் 12 முதல் தங்கள் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் என்று உடைமையாளர்கள் பலர் ஒப்புக்கொண்டது அப்போதுதான். ஓலையில் வரும் பெண் குழந்தை அந்தத் தேதிக்கு முன்பே பிறந்துவிட்டாள்.

வீட்டுப் பெயரோடு தோம்பில் தேடுவது

ஒல்லாந்தரிடம் உத்தியோகம் வேண்டுமென்றால் ஞானஸ்நானம் வேண்டும். வீட்டில் சின்னத்தம்பி, தோம்பில், அதாவது ஒல்லாந்தரின் காணிப் பதிவேட்டில், டொன் பிலிப்பு. கோவிலுக்கும் போவார். தகப்பன் பெயர், ஊர், பதவி மூன்றும் பொருந்தினால் ஒழிய ஆளை உறுதி செய்யாதீர்கள்.

ஒரே சுவடிக்கூடத்தை நம்புவது

1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே திருகோணமலை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கும், அவர்களிடமிருந்து பிரெஞ்சுக்காரருக்கும் கைமாறியது. கொழும்பு, நெதர்லாந்தின் ஹேக், லண்டன் கியூ மூன்றையும் பார்க்க வேண்டும்.

குடிமையை அடிமை என்று படிப்பது

வண்ணானும் அம்பட்டனும் குடிமக்கள், சாதிமுறைப்படி ஊருக்குத் தொழில் செய்யக் கடமைப்பட்டவர்கள். விலைக்குப் போனவர்கள் வேறு.

பட்டியலோடு கதவைத் தட்டுவது

செய்யாதீர்கள். அடிமைகளாக இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இதே ஊரில் இருக்கிறார்கள். அவர்களாகக் கேட்டு வந்தால் எல்லாவற்றையும் கொடுங்கள்.

'பாதி' என்பதைத் திருத்துவது

அந்தக் கனடாத் தம்பி ஒரு நொத்தாரிசு உறுதியைப் படியெடுத்திருந்தார். அதில் 'அடிமை ஒன்று' என்று இருந்தது. மூலத்தின் படத்தைக் காட்டச் சொன்னேன். 'அடிமை அரை'. எழுதியவர் தவறிவிட்டார் என்று நினைத்துத் தம்பி திருத்திவிட்டார்.

தவறவில்லை. அண்ணன் தம்பி, அக்கா தங்கை பங்கு பிரிக்கும்போது ஓர் ஆளையே பாதி, கால் என்று பிரித்தார்கள். மரத்தின் தேங்காயைப் பங்கிடுவது மாதிரி உழைப்பின் நாட்களைப் பங்கிட்டார்கள். இந்தக் கூட்டு உடைமையை ஒழிக்கவும்தான் 1818இன் 9ஆம் ஒழுங்குவிதி வந்தது. பாதியைக் கண்டால் சந்தோசப்படுங்கள். மற்றப் பாதி இன்னொரு வீட்டின் தாளில் இருக்கிறது.

மாமியின் இரண்டாவது ஓலையிலும் அப்படித்தான். அந்தத் தாயில் பாதி உடையாரின் மனைவிக்கு, பாதி அவள் தங்கைக்கு. தங்கை கொட்டியாரத்தில், அதாவது மூதூர்ப் பக்கம், கலியாணம் செய்து போனவள். மாமியிடம் கேட்டேன். மூதூரில் ஒரு தங்கச்சி முறையானவர் இருக்கிறாராம், தொலைபேசி எண் தேடித் தருகிறேன் என்றார். அந்த வீட்டில் பொங்கலுக்கு என்ன துப்புரவாக்கினார்களோ தெரியவில்லை.