போனில் கேட்கும் குரல்: ஐ.வி.ஆர். பதிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் குரல் பதிவுக்குப் பஞ்சமே இல்லை. வடபழனி, சாலிகிராமம் பக்கம் போனால் டப்பிங் தியேட்டர்களும் கைதேர்ந்த குரல் கலைஞர்களும் கிடைப்பார்கள். அப்படியும் எங்காவது போன் போட்டால், ஐ.வி.ஆர். எனப்படும் தானியங்கிப் பதில் முறையில் பாக்கித் தொகையைச் சொல்லும் தமிழ்க் குரல் தட்டுத் தடுமாறுகிறது. போனுக்கான பதிவையும் சினிமாவுக்குச் செய்வதுபோலவே செய்துவிடுகிறார்கள்.

சாதாரண போன் லைன் சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். கம்பீரமான குரல் வேண்டும் என்று தேடிப் பிடித்தால், அந்தக் கனத்தில் பெரும்பகுதி 300க்குக் கீழே நின்றுவிடும். ஸ, ஷ போன்ற ஒலிகளின் கூர்மையும் மேல்பக்கம் வெட்டுப்படும். உச்சரிப்பு சுத்தமாக இருக்கும் குரலே இங்கே முக்கியம். அறிவிப்புக்கு அடியில் வீணையோ புல்லாங்குழலோ ஓடவிடாதீர்கள். மொபைலில் குரலைச் சுருக்கி அனுப்பும் கோடெக்குகள் பேச்சை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. இசையைச் சிதைத்து, கூடவே பேச்சையும் கெடுக்கும்.

எப்படியும் போன்தானே என்று நேராக 8000 ஹெர்ட்ஸில், அதாவது ஒலியை நொடிக்கு 8000 தடவை அளந்து, பதிவு செய்வதும் தவறு. 48,000 ஹெர்ட்ஸில், மோனோவாக (ஒரே சேனலில்) பதிவு செய்து, எடிட்டிங் எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் 8000க்கு இறக்குங்கள். குரலை எண்களாக மாற்ற போன் கம்பெனிகள் பயன்படுத்தும் ஜி.711 முறையில் இரண்டு வகை உண்டு: இந்தியாவில் ஏ-லா, அமெரிக்காவில் மியூ-லா. மாற்றிக் கொடுத்தால் குரல் கரகரக்கும்.

தமிழில் பெரிய சிக்கல் எண்கள்தான். ஒன்று, இரண்டு, இருபது, நூறு என்று ஒவ்வொன்றையும் ஒரு தடவை பதிவு செய்து, மீதியை சாப்ட்வேர் ஒட்டிக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறார்கள். 125 ரூபாய் பாக்கி இருப்பவர் காதில் ‘நூறு இருபது ஐந்து ரூபாய்’ என்று விழுகிறது. இப்படி யாருமே பேசுவதில்லை. பின்னால் இன்னொரு எண் வந்தால் நூறு நூற்று ஆகும், ஆயிரம் ஆயிரத்து ஆகும். அதனால் 1 முதல் 99 வரை முழுசாகத் தனித்தனிக் கோப்பு வேண்டும். நூறு முதல் தொள்ளாயிரம் வரை ஒவ்வொன்றுக்கும் இரண்டு வடிவம்: இருநூறு, இருநூற்று என்று. ஆயிரம் முதல் தொண்ணூற்றொன்பதாயிரம் வரையும் அதேபோல் இரண்டிரண்டு. 99, 18, 198 எல்லாம் சேர்த்து 315 கோப்புகள். இவை இருந்தால் 99,999 ரூபாய் வரை எந்தத் தொகையையும் ஒழுங்கான தமிழில் சொல்லிவிடலாம். இதில் மிச்சம் பிடிக்கவே கூடாது, ஏனென்றால் கேட்பவருக்குத் தேவையான தகவலே அந்தத் தொகைதான்.

எண்களைப் பட்டியலாக வாசிக்க வைக்காதீர்கள். ‘உங்கள் பாக்கி நூற்று இருபத்தைந்து ரூபாய்’ என்று முழு வாக்கியமாகப் பேசச் சொல்லி, அதிலிருந்து வெட்டி எடுங்கள். போன் நம்பரைத் திருப்பிச் சொல்வதற்கு 0 முதல் 9 வரை இரண்டு தொனியில் வேண்டும்: தொடரும்போது ஒன்று, முடியும்போது குரல் தாழ்ந்து ஒன்று.

அப்புறம், வெட்டுகிற இடம். இருபது, அறுபது, எழுபது, எண்பது எல்லாமே ‘பது’ என்றுதான் முடிகின்றன. முதல் எழுத்து கொஞ்சம் நறுக்குப்பட்டாலும் எது என்று தெரியாது. கடைசியில் வரும் உகரமோ குற்றியலுகரம்; அரை மாத்திரைதான் ஒலிக்கும். அமைதியைத் தானாக வெட்டும் வசதி இதையும் அமைதி என்று நினைத்து விழுங்கிவிடும். எண் கோப்புகளைக் கையால் வெட்டுவதே உத்தமம்.

சத்தத்தைப் பிறகு நீக்கிக்கொள்ளலாம் என்று ஃபேனை ஓடவிட்டுப் பதிவு செய்யாதீர்கள். நாய்ஸ் ரிடக்‌ஷனை அதிகமாகப் போட்டால் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போலாகும். மே மாதமாக இருந்தாலும் பதிவாகும் நேரத்தில் ஏ.சி., ஃபேன் இரண்டையும் நிறுத்திவிட்டு, இடையிடையே போட்டுக்கொள்ளுங்கள்.

வாசகத்தில் விஷயம் முதலில், எண் கடைசியில் வரட்டும். ‘ஒன்றை அழுத்தினால் பில் விவரம் அறியலாம்’ என்றால், பில் என்று காதில் விழும்போது எண் மறந்திருக்கும். ‘பில் விவரம் அறிய, ஒன்றை அழுத்தவும்’ என்பதே சரி.

ஸ்டுடியோ ஸ்பீக்கரில் கேட்டு ஓகே சொல்லிவிடாதீர்கள். சிஸ்டத்தில் ஏற்றி, சாதாரண மொபைலிலிருந்து கூப்பிட்டு, அண்ணா சாலை பஸ் ஸ்டாப்பில் நின்று கேளுங்கள். பதிவு செய்த மூலக் கோப்புகளையும், எந்த மைக், எவ்வளவு தூரம் என்ற குறிப்பையும் பத்திரப்படுத்துங்கள். அடுத்த வருஷம் ஒரே ஒரு வாக்கியம் சேர்க்கச் சொல்வார்கள். அது பழைய குரலோடு ஒட்டாவிட்டால் எல்லாவற்றையும் திரும்பப் பதிவு செய்ய வேண்டியிருக்கும்.