இசைக்கேற்ப ஆடும் மேடை விளக்குகள்: எங்கே தவறுகிறோம்?

இசைக்குழு வாசிக்க வாசிக்க விளக்கும் கூடவே துடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதும், பலர் முதலில் செய்வது விளக்கில் இருக்கும் 'சவுண்ட் ஆக்டிவ்' மோடைப் போட்டுவிடுவதுதான். முதல் தவறே அதுதான். விளக்குக்குள் இருப்பது ஒரு சின்ன மைக். டிரம், பேஸ், கைதட்டல், இரண்டு பாட்டுக்கு நடுவே பாடகர் பேசுவது எல்லாம் அதற்கு ஒன்றே. பாடகர் நன்றி சொன்னால்கூட மேடை பளிச்சிடும். எட்டு விளக்கு இருந்தால் எட்டும் தனித்தனியாகக் கேட்டு, தனித்தனியாக மின்னும்.

விளக்கு யாரைக் கேட்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் கிக் டிரம் (காலால் பெடலை மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) போதும். ஒலிகளைக் கலக்கும் மிக்சரிலிருந்து அந்த டிரம்மின் மைக்கை மட்டும் தனி வழியில் வாங்கலாம். அதை ஃபேடருக்கு (அளவைத் தள்ளி ஏற்றி இறக்கும் கட்டுப்பாட்டுக்கு) முன்னாலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் சவுண்ட் இன்ஜினியர் பாட்டுக்கு நடுவே ஃபேடரைக் கொஞ்சம் இறக்கும்போது உங்கள் விளக்கும் சோர்ந்துவிடும். இதைவிடச் சுத்தமான வழி, டிரம்மின் விளிம்பில் ஒரு டிரிக்கரை, அதாவது அடியின் அதிர்வை உணரும் சின்னக் கருவியை, மாட்டுவது. அதோடு இணைத்த டிரம் மாட்யூல் அடியை மிடி சிக்னலாக (இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் மொழி) மாற்றித் தரும், கணினியோ லைட் கன்சோலோ அதை டிஎம்எக்ஸ் (விளக்குகளுக்கான கட்டளை மொழி) ஆக்கி விளக்குக்கு அனுப்பும்.

டிரிக்கரை மாட்டியதோடு வேலை முடிவதில்லை. ஒரு அடி விழுந்தால் டிரம்மின் தோல் சற்று நேரம் அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த அதிர்வையும் கருவி இன்னொரு அடியாக எண்ணினால், ஒரு அடிக்கு விளக்கு இரண்டு முறை மின்னும். பக்கத்தில் பேஸ் ஆம்ப் இருந்தால் அதன் அதிர்விலும் இதே கதை. அதனால் இரண்டு அளவுகளைப் பார்க்க வேண்டும்: எவ்வளவு பலமான அடியை ஏற்பது, ஒரு அடிக்குப் பிறகு எவ்வளவு நேரம் காதை மூடிக்கொள்வது. நிமிடத்துக்கு 120 பீட் வேகத்தில், ஒரு பீட்டுக்கு நான்கு அடி என்றால், அடிகளுக்கு இடையே 125 மில்லிசெகண்ட் இருக்கும். காதை மூடும் நேரத்தை 80 என்று வைத்தால் நிஜமான அடி எதுவும் தப்பாது. 200 பீட்டில் டபுள் பெடல் போட்டு அடிக்கும் குழுவுக்கு இடைவெளி 75 தான். அங்கே அதே 80 ஒன்றுவிட்டு ஒரு அடியை விழுங்கிவிடும். இன்னொன்று, சரிபார்க்கும்போது டிரம்மரை நிகழ்ச்சியில் அடிக்கிற பலத்திலேயே அடிக்கச் சொல்லுங்கள். சவுண்ட் செக்கில் மென்மையாகத் தட்டியதை வைத்து அமைத்தால், நிகழ்ச்சியில் எல்லாமே அளவுக்கு மேல் போகும்.

முகத்தில் விழும் விளக்கை ஒருபோதும் ஒலியோடு கட்டாதீர்கள். நான் ஒருமுறை பாடகியின் குரல் ஏறினால் வெளிச்சமும் ஏறும்படி அமைத்தேன். ஒத்திகையில் அழகாகத்தான் இருந்தது. நிகழ்ச்சியில் அவர் ஒரு சரணத்தை மெல்லிய குரலில் பாட ஆரம்பித்தார், மேடை இருண்டுபோனது. எல்லோரும் அவர் முகத்தைத் தேடிய நேரத்தில் அது தெரியவில்லை. அன்றிலிருந்து முன் விளக்கு தனி. சுமார் 45 டிகிரி சாய்வில், வெதுவெதுப்பான நிறத்தில் நிலையாக நிற்கும். பின்னாலும் பக்கவாட்டிலும் இருப்பவை மட்டும் இசையோடு ஆடட்டும்.

அடுத்தது வயர். மைக் கேபிளும் டிஎம்எக்ஸ் கேபிளும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். டிஎம்எக்ஸ் நொடிக்கு 2,50,000 பிட் ஓடும் டிஜிட்டல் சிக்னல், அதற்குச் சுமார் 120 ஓம் இம்பீடன்ஸ் (மின்மறுப்பு) உள்ள கேபிள் தேவை. கடைசி விளக்கில் 120 ஓம் டெர்மினேட்டர் (சிக்னல் திரும்பி எதிரொலிக்காமல் தடுக்கும் செருகி) செருகுங்கள். வழியில் ஒய் வடிவில் பிரிக்காதீர்கள், சிக்னலைப் பிரித்துத் தரும் ஸ்ப்ளிட்டர் கருவியைப் போடுங்கள். நிறம், வெளிச்சம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சேனல் வீதம் ஏழு சேனல் எடுக்கும் விளக்குகளுக்கு முகவரி 1, 8, 15 என்று போக வேண்டும், எண்ணிக்கை தப்பினால் ஒன்றின் நிறம் இன்னொன்றின் வெளிச்சத்தைக் கெடுக்கும். எல்இடி விளக்கை டிம்மர் பேக்கில் (பழைய பல்புகளின் மின்சாரத்தையே கூட்டிக் குறைக்கும் பெட்டி) செருகவே கூடாது.

அப்புறம், தாமதம். ஒரு டிஎம்எக்ஸ் வழியின் 512 சேனலும் ஒருமுறை போய்ச்சேரவே சுமார் 23 மில்லிசெகண்ட் ஆகிறது. அதன் மேல் கணினி, வைஃபை என்று கூட்டினால் அடி வேறு, ஒளி வேறு என்று கண்ணுக்கே தெரியும். ஒத்திகையில் ஓடும் வைஃபை, அரங்கம் நிறைய போன்கள் வந்ததும் திணறும். கேபிளே போடுங்கள். தாமதத்தை அளக்க எளிய வழி உண்டு: டிரம் பெடலும் விளக்கும் ஒரே சட்டகத்தில் தெரியும்படி, போனில் நொடிக்கு 240 பிரேம் வேகத்தில் படம்பிடியுங்கள். அடி விழுந்த பிரேமிலிருந்து விளக்கு எரியும் பிரேம் வரை எண்ணுங்கள். ஒரு பிரேம் ஏறக்குறைய 4 மில்லிசெகண்ட்.

இதில் விட்டுக்கொடுக்கவே கூடாத விஷயம் ஒன்று உண்டு. நொடிக்கு மூன்று முறைக்கு மேல், 30 முறை வரை பளிச்சிடும் ஒளி, ஒளி உணர்திறன் உள்ள வலிப்பு நோயாளிகளுக்கு ஆபத்து. நீங்கள் ஸ்ட்ரோப் (வேகமாக விட்டுவிட்டு மின்னும் விளக்கு) போடாவிட்டாலும் வேகமான டிரம் வாசிப்பு உங்கள் விளக்கை ஸ்ட்ரோபாக மாற்றிவிடும். அடி எவ்வளவு வேகமாக வந்தாலும் விளக்கு நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னாதபடி மென்பொருளிலேயே வரம்பு வையுங்கள், வாசலில் எச்சரிக்கையும் வையுங்கள்.

கடைசி ஒத்திகையில் ஒரு பாட்டுக்கு நடுவே டிரிக்கர் வயரைப் பிடுங்கிப் பாருங்கள். மேடை இருட்டானால், கையால் ஏற்றக்கூடிய ஒரு ஃபேடரை இன்னும் ஒதுக்கவில்லை என்று பொருள். அதை ஒதுக்கிவிட்டு, அதே பாட்டை இன்னொரு முறை வாசிக்கச் சொல்லுங்கள்.