படுக்கையில் இருக்கும் நோயாளிக்கு மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

இடுப்பு எலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை முடிந்த முதியவர்களுக்கு, வலிக்கு அடுத்தபடியாக வரும் பெரிய தொந்தரவு மலச்சிக்கல். நடமாட்டம் இல்லை, சாப்பாடு குறைவு. போதாததற்கு டிரமடால் போன்ற வலி மருந்துகள் குடலின் அசைவையே மந்தமாக்கிவிடும். அப்படிப்பட்ட ஒரு பாட்டியைப் புதிதாகப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: கேளுங்கள்

"மோஷன் போச்சா?" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி கேட்காதீர்கள். அருகில் போய்த் தாழ்ந்த குரலில், கடைசியாக எப்போது போனார், கெட்டியாக இருந்ததா, முக்க வேண்டியிருந்ததா, வாயு பிரிகிறதா என்று விசாரியுங்கள். வீட்டில் இருந்தபோது வழக்கம் என்ன என்பதையும் கேளுங்கள். தினமும் போகிறவரும் உண்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை போகிறவரும் உண்டு. அவரவர் வழக்கத்திலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறது என்பதுதான் முக்கியம்.

படி 2: தண்ணீர்

இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். பல பாட்டிமார் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். பெட்பேன் (படுக்கையிலேயே மலம், சிறுநீர் கழிக்க வைக்கும் பாத்திரம்) கேட்க வெட்கம், மருமகளுக்குச் சிரமம் கொடுக்கிறோமே என்ற சங்கடம். "குடிங்க பாட்டி" என்று எத்தனை முறை சொன்னாலும் டம்ளர் அப்படியே இருக்கும். "எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க, எனக்கு ஒரு சிரமமும் இல்லை" என்று சொல்லி, கூப்பிட்டதும் போய் நின்றால்தான் டம்ளர் காலியாகும். இதய நோயோ சிறுநீரக நோயோ இல்லாதவருக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை கொடுக்கலாம். அந்த நோய்கள் இருந்தால் மருத்துவர் சொன்ன அளவுதான்.

கீரை, பப்பாளி, கொய்யா, வாழைத்தண்டு என நார்ச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். தண்ணீரைக் கூட்டாமல் இசப்கோல் என்ற நார்ச்சத்துத் தூளை மட்டும் கொடுத்தால் சிக்கல் அதிகமாகும்.

படி 3: நேரம்

சாப்பிட்டதும் பெருங்குடல் தானாகவே அசையத் தொடங்கும். காலையில் அது நன்றாகவே இருக்கும். அதனால் காலை உணவு முடிந்து இருபது, முப்பது நிமிடத்துக்குள் பெட்பேன் வையுங்கள். அந்த நேரத்தில் படுக்கை விரிப்பு மாற்றுவதையோ மருத்துவர் சுற்று வருவதையோ காரணம் காட்டித் தள்ளிப்போட்டால், வந்த உணர்வு அடங்கிவிடும்.

படி 4: பெட்பேன் வைக்கும் முறை

திரையை இழுத்து மூடுங்கள். கையுறை போடுங்கள். ஸ்டீல் பெட்பேன் என்றால் வெந்நீரில் கழுவித் துடைத்து எடுத்து வாருங்கள், சில்லென்று பட்டால் தசை இறுகிவிடும். இடுப்பு அறுவை ஆனவருக்கு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும் பெட்பேனே வசதி. முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, அறுவை மருத்துவர் அனுமதித்த பக்கமாக மட்டும், இருவர் சேர்ந்து திருப்புங்கள். வைத்தபின் தலைப்பக்கத்தை 30 டிகிரிக்கு மேல் உயர்த்துங்கள். மல்லாந்து படுத்தபடி மலம் கழிப்பது யாருக்குமே கடினம். அழைப்பு மணியைக் கைக்கெட்டும்படி வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். நெடுநேரம் விட்டுவிட்டால் தோல் புண்ணாகும்.

இதய நோயாளியை மூச்சுப் பிடித்து முக்க விடாதீர்கள். ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் தடுமாறும்.

முடிந்ததும் முன்னிருந்து பின்னாகத் துடைத்து, ஈரம் ஒற்றி எடுத்து, முதுகின் அடிப்பகுதி சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சில கிருமிகளை ஆல்கஹால் திரவம் கொல்லாது.

படி 5: குறித்து வையுங்கள்

நேரம், அளவு, நிறம், தன்மை. தன்மைக்கு, மலத்தை 1 முதல் 7 வரை வகைப்படுத்தும் பிரிஸ்டல் அட்டவணை உதவும். அதில் 1, 2 மலச்சிக்கல். 3, 4 நல்லது. 6, 7 பேதி. இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கருக்கும், அது சகஜம். தார் போலக் கறுத்துப் பிசுபிசுத்து நாற்றமடித்தால் அது ரத்தக் கசிவாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பல நாள் போகாதவருக்குத் திடீரென்று தண்ணீராகக் கசியும். பேதி என்று நினைத்து அதை நிறுத்த மாத்திரை கொடுத்துவிடுவார்கள். உள்ளே கல்லாக அடைத்திருக்கும் மலத்தின் ஓரமாக வழியும் நீர்தான் அது. மருத்துவரோ பயிற்சி பெற்ற செவிலியரோ பரிசோதிக்க வேண்டும்.

மலமிளக்கி எழுதிக் கொடுத்தால் பொறுமை வேண்டும். லாக்டுலோஸ் வேலை செய்ய ஒன்றிரண்டு நாள் ஆகும், அதற்குள் இன்னொன்றைச் சேர்க்காதீர்கள். எனிமா (ஆசனவாய் வழியாகத் திரவம் செலுத்துவது) மருத்துவர் சொன்னால் மட்டுமே. அப்போதும் வயிறு உப்பி, வாந்தி வந்து, வாயுவும் பிரியாமல் இருந்தால் எனிமா கொடுக்கவே கூடாது. குடல் அடைப்பாக இருக்கலாம். சாப்பாட்டையும் தண்ணீரையும் நிறுத்திவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள்.