யார்க் கோமகன்: வரலாறு எழுதுவோர் சறுக்கும் இடங்கள்

ஆங்கிலப் பிரபுப் பட்டம் என்றதுமே பலரும் ஜமீன் வாரிசுப் பட்டியல்போல அப்பா, மகன், பேரன் என்று கோடு இழுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். யார்க் கோமகன் பட்டத்தில் அந்தக் கோடு மூன்றாம் தலைமுறையிலேயே அறுந்துவிடும். 1385இல் மூன்றாம் எட்வர்டின் மகன் எட்மண்டுக்கு முதலில் வழங்கப்பட்டது. அவருடைய மகன் பிள்ளையில்லாமல் 1415இல் அஜின்கோர்ட் போரில் இறக்க, பட்டம் தம்பி மகன் ரிச்சர்டுக்குப் போனது. ரிச்சர்டின் மகன் 1461இல் நான்காம் எட்வர்டாக அரியணை ஏறியதும் பட்டம் முடியோடு கலந்து மறைந்தது. மன்னர் தமக்கே பிரபுவாக இருக்க முடியாதல்லவா?

1474இல் அதை எட்வர்டு தம் இரண்டாம் மகனுக்குப் புதிதாகக் கொடுத்தார். அதற்குப் பிறகு இன்றுவரை ஒருமுறைகூட அது தந்தையிடமிருந்து மகனுக்குப் போனதில்லை. பட்டம் பெற்றவர்களில் எட்டாம் ஹென்றி முதல் ஆறாம் ஜார்ஜ் வரை ஐந்து பேர் அரசர்களாகிவிட, அது மீண்டும் முடியோடு கலந்துவிட்டது. ஆகவே எல்லாரையும் ஒரே வரிசையில் எண்ணிக்கொண்டு வருவது தவறு. புதிதாக வழங்கும் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்கும். 18ஆம் நூற்றாண்டில் மூவர் பெற்றது ‘யார்க் மற்றும் அல்பனி’ என்ற தனிப் பட்டம். அதையும் இதில் சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

‘அரசரின் இரண்டாம் மகனுக்குத் தானாகவே கிடைக்கும்’ என்பது நானும் வெகுநாள் நம்பியிருந்த பிழை. அது வழக்கம்தான், சட்டமல்ல. விக்டோரியா ராணி தம் இரண்டாம் மகன் ஆல்பிரடை 1866இல் எடின்பரோ கோமகன் ஆக்கினார்.

நியூயார்க் நகரம் ‘ஜேம்ஸ் மன்னரின்’ பெயரைப் பெற்றது என்று எழுதுவதும் சரியல்ல. டச்சுக்காரர்களிடமிருந்து அந்த ஊரைக் கைப்பற்றிய 1664இல் அவர் வெறும் யார்க் கோமகன். மன்னரானது 1685இல்தான்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, 15ஆம் நூற்றாண்டில் யார்க், லங்காஸ்டர் என்ற இரு அரச குடும்பக் கிளைகள் ஆங்கில அரியணைக்காக மோதிய ரோஜாப் போர்களை யார்க் ஊருக்கும் லங்காஸ்டர் ஊருக்கும் நடந்த சண்டையாக நினைப்பது. பட்டத்தில் இருக்கும் ஊர், பட்டக்காரரின் ஊராக இருக்க வேண்டியதில்லை. நான்காம் எட்வர்டின் தந்தை ரிச்சர்டின் முக்கியக் கோட்டைகளுள் ஒன்றான லட்லோ, வேல்ஸ் எல்லையில் இருந்தது. யார்க் நகரமோ எதிரிகளான லங்காஸ்டர் தரப்பின் கையில் இருந்தது. 1460 டிசம்பரில் வேக்ஃபீல்டில் அவரைக் கொன்றவர்கள், தலைக்குக் காகிதக் கிரீடம் சூட்டி யார்க்கின் மிக்கில்கேட் வாயிலில்தான் மாட்டினார்கள். மூன்று மாதம் கழித்து, டவுட்டன் போரில் வென்று ஊருக்குள் நுழைந்த மகன் எட்வர்டுதான் அதை இறக்கினார்.