ஸ்பேனரை எடுக்கும் முன்: பழைய பைக்கை வீட்டில் பழுது பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நன்றாக ஓடிக்கொண்டிருந்த என் பழைய பைக் ஒருநாள் பாதி வழியில் திணறி நின்றுவிட்டது. பத்து நிமிடம் கழித்துக் கிக் அடித்தால் எதுவுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆனது. பதினைந்து கிலோமீட்டர் போனதும் மறுபடி நின்றது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்ப்பரேட்டரைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். ஒரே மாதத்தில் மூன்று முறை அதைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். ஸ்பார்க் பிளக்கை மாற்றினேன், அதற்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலையும் மாற்றினேன். கடைசியில் ஒருமுறை வண்டி நின்ற இடத்திலேயே, பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க டேங்க் மூடியைத் திறந்தேன். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. மூடியை வைத்துக் கிக் அடித்தேன். ஒரே உதையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

டேங்க் மூடியில் காற்று போக ஒரு சின்னத் துளை இருக்கும். தூசியும் துருவும் சேர்ந்து அதை அடைத்திருந்தன. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் டேங்குக்குள் அழுத்தம் குறைந்து, பெட்ரோல் கீழே இறங்காமல் நின்றுவிடும். பத்து நிமிடம் காத்திருந்தால் எங்கோ கசிந்து கொஞ்சம் காற்று உள்ளே போகும். அதனால்தான் மறுபடி ஓடியது. மெல்லிய கம்பியால் துளையைக் குத்திவிட்டுக் காற்றடித்தேன், பிரச்சினை தீர்ந்தது.

வீட்டில் வண்டி பார்ப்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரியது இதுதான்: கோளாறு எங்கே என்று தெரியும் முன்பே கழற்ற ஆரம்பிப்பது. பழைய வண்டியில் ஒவ்வொரு முறை கழற்றும்போதும் ஒரு மரை தேய்கிறது, ஒரு கேஸ்கெட் நசுங்குகிறது, ஒரு வயர் முறுக்கிக்கொள்கிறது. ஒன்றைத் தேடப் போய்ப் புதிதாக இரண்டு கோளாறுகளைச் சேர்த்துவிடுவோம்.

அறிகுறியைக் கலைக்காதீர்கள்

சூடானதும் நிற்கும் வண்டிக்குக் காரணம் மூடித் துளையாகவும் இருக்கலாம், சூட்டில் வேலை நிறுத்தும் இக்னிஷன் காயிலாகவும் இருக்கலாம். வீட்டுக்கு வந்து ஆறிய பிறகு பார்த்தால் இரண்டுமே சரியாகத்தான் தெரியும். நின்ற நிமிடத்திலேயே பார்க்க வேண்டும். மூடியைத் திறந்து மூடியதும் ஸ்டார்ட் ஆனால் துளை. ஆகாவிட்டால், சூடு ஆறும் முன்பே ஸ்பார்க் வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஒரு பிளக் ஸ்பேனரும் ஒரு பழைய பிளக்கும் எப்போதும் வண்டியோடு இருக்கட்டும்.

ஸ்டார்ட்டே ஆகாத வண்டி என்றால் முதலில் கில் ஸ்விட்ச், பெட்ரோல் காக், ஃப்யூஸ் மூன்றையும் பாருங்கள். சாதாரணமாகத் தோன்றும், ஆனால் அரை நாள் வேலையை மிச்சப்படுத்தும். பிறகு சில முறை கிக் அடித்துவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை ஈரமாக இருந்தால் பெட்ரோல் வந்து சேர்கிறது, ஸ்பார்க் பக்கம் பார்க்க வேண்டும். காய்ந்து கிடந்தால் பெட்ரோலே வரவில்லை. டேங்கிலிருந்து கீழே தேடிக்கொண்டு வாருங்கள். ஈரமாகவும் இருந்து ஸ்பார்க்கும் நன்றாக வந்தால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் தரும் அழுத்தம்) போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டிவரும்.

ஸ்பார்க் பார்க்கும்போது இரண்டு விஷயம். பிளக்கின் உலோக உடம்பு எஞ்சினை நன்றாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். தொடாமல் தொங்கவிட்டுக் கிக் அடித்தால் மின்சாரம் போக வழியில்லாமல் காயிலோ, ஸ்பார்க்கைக் கட்டுப்படுத்தும் சி.டி.ஐ. என்னும் மின்னணுப் பெட்டியோ கெட்டுப்போகலாம். இன்னொன்று, பிளக்கைக் கழற்றிய துளைக்குப் பக்கத்தில் அதைப் பிடிக்காதீர்கள். அந்தத் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீறிட்டு வரும், தீப்பிடிக்கும்.

அப்புறம், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். பிளக், ஏர் ஃபில்டர், ஜெட் (கார்ப்பரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளையுள்ள சின்னத் திருகு) மூன்றையும் ஒரே நாளில் மாற்றி வண்டி சரியாகிவிட்டால், எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. மோசமாகிவிட்டால் இன்னும் சிக்கல்.

பிளக்கின் நிறத்தைத் தவறாகப் படிப்பது

வெளிர் பழுப்பு என்றால் நல்லது, காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், வெளுத்துக் கொப்பளித்திருந்தால் சூடு அதிகம், எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு பக்கம் ஆயில் ஏறுகிறது என்பது பலருக்கும் தெரியும். ஆனால் நிறுத்திய இடத்திலேயே ஐட்லிங்கில் ஓடவிட்டுக் கழற்றிப் பார்த்தால் நல்ல வண்டியின் பிளக்கும் கறுப்பாகத்தான் இருக்கும். கொஞ்ச தூரம் சீராக ஓட்டி, எஞ்சினை அணைத்து, வண்டி ஆறிய பிறகு பாருங்கள்.

ஆறிய பிறகு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பிளக் மாட்டும் எஞ்சின் ஹெட் அலுமினியம், பிளக் இரும்பு. சூட்டோடு கழற்றினால் அலுமினிய மரையையும் இழுத்துக்கொண்டு வரலாம். கழற்றும் முன் பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதிவிடுங்கள், இல்லையென்றால் அது நேராகப் பிஸ்டன் தலையில் விழும். திரும்பப் போடும்போது விரலால் மட்டும் சுற்றுங்கள். முதல் சில சுற்று விரலுக்கே இறங்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் மரை குறுக்கே ஏறுகிறது என்று அர்த்தம், வெளியே எடுத்து மறுபடி வையுங்கள். புதிய பிளக்கின் வாஷர் ஹெட்டைத் தொட்டதும் ஸ்பேனரால் ஏறக்குறைய அரைச் சுற்று போதும். பழைய பிளக்கின் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருப்பதால் அதைவிடக் குறைவாக. முனை இடைவெளி பெரும்பாலும் 0.6 முதல் 0.8 மில்லிமீட்டருக்குள் இருக்கும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கிறது.

கார்ப்பரேட்டர்: கழற்றும் முன் ஒரு கண்ணாடிக் குப்பி

பல மாதம் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் கார்ப்பரேட்டர்மேல் சந்தேகம் வருவது நியாயம்தான். பெட்ரோல் ஆவியானதும் மிஞ்சும் பிசின் ஜெட்டுக்குள் படிந்துவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலிருந்து ஈரத்தையும் உறிஞ்சும். ஆனால் கழற்றும் முன், கார்ப்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணமான ஃப்ளோட் சேம்பரின் அடியில் உள்ள டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி அந்தப் பெட்ரோலை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடியுங்கள். ஐந்து நிமிடம் அசைக்காமல் வைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். அடியில் உருண்டை உருண்டையாகத் தனியே உருள்வது தண்ணீர். செம்மண் போலப் படிவது டேங்க் துரு. துரு தெரிந்தால் ஜெட்டைச் சுத்தம் செய்து பயனில்லை. டேங்கைச் சுத்தம் செய்து ஃபில்டர் போடாதவரை இரண்டே நாளில் மறுபடி அடைத்துக்கொள்ளும்.

கழற்றியே ஆக வேண்டும் என்றால் இரும்புக் கம்பியை ஜெட்டுக்குள் விடாதீர்கள். ஜெட் பித்தளை. அதன் துளை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குவரை துல்லியமாக அளந்து துளைத்தது. ஊசியோ கம்பியோ ஒருமுறை சுரண்டினால் அளவு மாறிவிடும், அதற்குப் பிறகு எந்த டியூனிங்கும் நிற்காது. கார்ப்பரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடியுங்கள். பிறகு ஜெட்டைக் கண்ணருகே வைத்து வெளிச்சத்தைப் பாருங்கள். ஒளி வட்டமாகத் தெரிய வேண்டும், பிறை போலத் தெரிந்தால் இன்னும் அடைப்பு இருக்கிறது. ரப்பர் வளையம், டயாஃப்ரம் எதையும் அந்தக் கிளீனரில் போடாதீர்கள், ஊதிப்போகும்.

ஐட்லிங்கில் பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன் மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணி எழுதிவையுங்கள். முட்டிய பிறகு அழுத்தினால் ஊசி முனை போய்விடும்.

இங்கேயே ஸ்க்ரூடிரைவரையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த பழைய பைக்குகளின் பிளஸ் தலை ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் ஜே.ஐ.எஸ். என்னும் ஜப்பானிய அளவில் செய்தவை. சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் அதில் முழுதாக இறங்காது; அழுத்தும்போது வழுக்கித் தலையை மழித்துவிடும். ஜே.ஐ.எஸ். முனை ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் எத்தனையோ ஸ்க்ரூ தப்பிக்கும்.

சத்தமில்லாத டேப்பட்

வால்வைத் தள்ளித் திறக்கும் டேப்பட் 'டிக் டிக்' என்று அடிக்கிறது என்று, அதற்கும் வால்வுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போவார்கள். சத்தம் நிற்கும், மனசுக்கும் நிம்மதியாக இருக்கும். ஆனால் இடைவெளியே இல்லாவிட்டால் எஞ்சின் சூடானதும் வால்வு முழுதாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை ஹெட்டுக்குக் கடத்துவதே மூடி உட்காரும் நேரத்தில்தான். சரியாக உட்காராத வால்வு எரிந்துபோகும், கம்ப்ரஷன் போகும், ஹெட்டைத் திறக்க வேண்டிவரும். லேசான சத்தத்தோடு வாழலாம், எரிந்த வால்வோடு முடியாது.

அளப்பது எஞ்சின் முழுதும் ஆறிய பிறகுதான். இரவு முழுக்க நின்ற வண்டி என்றால் நல்லது. பிஸ்டன் மேலே இருக்க வேண்டும், அதுவும் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில். எஞ்சினோடு சுற்றும் மேக்னட் சக்கரத்தில் உள்ள 'டி' குறி ஒவ்வொரு சுற்றிலும் வரும். அதை மட்டும் நம்பினால் எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் முடிவில் அளந்துவிடுவீர்கள். வால்வுகளை அழுத்தும் இரண்டு ராக்கர் கைகளையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். இரண்டும் லேசாக ஆடினால் சரியான இடம். ஒன்று விறைப்பாக இருந்தால் இன்னொரு சுற்றுத் திருப்பிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பல சிறிய நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் அளவு 0.05 முதல் 0.10 மில்லிமீட்டர் வரைதான், அதனால் கண் மதிப்பு உதவாது. இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் வேண்டும்.

ஆயிலைப் பற்றிச் சுருக்கமாக. கிளட்ச் ஆயிலுக்குள் ஊறும் வண்டிகளுக்கு ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று தரக் குறி டப்பாவில் போட்டிருக்கும் ஆயில்தான். கார் ஆயில் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருள் கலந்திருப்பதால் கிளட்ச் வழுக்கும். அளவு பார்க்கும்போது வண்டி நேராக நிற்க வேண்டும், சைடு ஸ்டாண்டில் பார்த்தால் தப்பாகத்தான் காட்டும். கூடுதலாக ஊற்றினால் நல்லது என்று நினைக்காதீர்கள். உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் ஏர் ஃபில்டர் பக்கம் தள்ளப்படும்.

செயின்

எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றும் செயினைத் துணியால் துடைக்கவே கூடாது. துணி செயினுக்கும் ஸ்ப்ராக்கெட் என்னும் பல்சக்கரத்துக்கும் நடுவில் மாட்டினால் விரலையும் சேர்த்து இழுக்கும். கையை எடுக்க நேரமே இருக்காது. எஞ்சினை அணைத்து, நியூட்ரலில், சென்டர் ஸ்டாண்டில் போட்டுச் சக்கரத்தைக் கையால் திருப்புங்கள். அவசரம் என்ற ஒரே காரணத்துக்காக இதை மீறுகிறவர்கள் உண்டு, தயவுசெய்து செய்யாதீர்கள்.

செயின் எல்லா இடத்திலும் ஒரே அளவு தேய்வதில்லை. சக்கரத்தைத் திருப்பி மிக இறுக்கமான இடத்தைக் கண்டுபிடித்து, அங்கேதான் தளர்வை அளக்க வேண்டும். பல வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர். தொங்கக்கூடாது என்று இழுத்துக் கட்டினால், வண்டியில் ஆள் ஏறிப் பின்பக்கம் அமுங்கும்போது செயின் இன்னும் இறுகி, முன் ஸ்ப்ராக்கெட் பேரிங்கைத் தின்றுவிடும்.

வயரும் பேட்டரியும்

அடிக்கடி ஃப்யூஸ் போகிறது என்று பெரிய ஃப்யூஸ் போடுவது ஆபத்து. ஃப்யூஸ் தாங்கும், வயர் எரியும். பழைய வண்டியில் வயரின் உறை எங்காவது உரசிக் கிழிந்திருக்கும். ஹேண்டில் திரும்பும் இடத்தையும் சீட்டுக்கு அடியையும் முதலில் பாருங்கள். விளக்கு மங்கல், இண்டிகேட்டர் தடுமாற்றம் என்றால் புது பேட்டரி வாங்கும் முன் எர்த் வயர் ஃப்ரேமில் சேரும் போல்ட்டைக் கழற்றி, துருவைத் தேய்த்துப் போட்டுப் பாருங்கள்.

12 வோல்ட் பேட்டரி ஓய்வில் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்ட வேண்டும். எஞ்சினை முடுக்கினால் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் பேட்டரியை மாற்றியும் பயனில்லை, சார்ஜிங் பக்கம்தான் கோளாறு. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். எஞ்சின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றிச் சார்ஜிங் சோதிக்கும் பழக்கம் ரெகுலேட்டரையும் பல்புகளையும் காவு வாங்கும்.

மூடிய அறையில் எஞ்சினை ஓடவிடாதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

பிரேக்

டிரம் பிரேக்கைத் திறந்ததும் உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள். ஷூவில் கிரீஸ் பட்ட கையை வைக்காதீர்கள். டிஸ்க் பிரேக் என்றால் பிரேக் ஃப்ளூயிட் தொட்டியின் மூடியில் எழுதியிருக்கும் வகை ஃப்ளூயிட் மட்டும். டாட் 3, டாட் 4 வகைகள் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், பெயிண்ட்டையும் அரிக்கும். எப்போதோ திறந்து பாதி மிஞ்சிய டப்பாவிலிருந்து ஊற்றக்கூடாது. டாட் 5 சிலிக்கான் வகை, இவற்றோடு சேராது.

டிஸ்க் பிரேக் பேட் மாற்றும்போது, பேடை டிஸ்கில் அழுத்தும் கேலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பீர்கள். அந்த நிலையில் முதல் ஒன்றிரண்டு முறை லீவரைப் பிடித்தால் பிரேக் பிடிக்காது, லீவர் ஹேண்டில்வரை அப்படியே வந்துவிடும். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கும் முன்பே, கைக்குக் கெட்டியாகத் தட்டுப்படும்வரை லீவரை அழுத்தி அழுத்தி விடுங்கள். பிறகு இறக்கி, நடந்துகொண்டே தள்ளி, ஒருமுறை பிடித்துப் பாருங்கள். வண்டி நின்றால் ஏறி உட்காருங்கள்.